மாறிய எஞ்சினும் மாறாத டேங்கும்

அம்பாசமுத்திரத்திலிருந்து கடையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் சாலையில், மேற்கே மலைத்தொடர் நீலநிறமாய் எழுந்து நிற்க, கிழக்கே வயல்கள் சிறிது சிறிதாய் இறங்கித் தாமிரபரணியை நாடிச் செல்ல, இடையே கடனாநதியின் நீரை நம்பி வாழ்கின்ற ஆழ்வார்குறிச்சி, கோயிலுக்கும் வயலுக்கும் பெயர் பெற்ற ஊரேயன்றி யந்திரங்களுக்குப் பெயர் பெற்ற ஊர் அன்று. ஆயினும் தென்னாட்டில் மோட்டார் எஞ்சின்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் எவரும் இவ்வூரின் பெயரைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. ஏனெனில், வாகனங்களுக்கான டீசல் எஞ்சினை இந்நாட்டிலேயே தயாரிக்கத் துணிந்தவர்களுள் முன்னோடியான சென்னை சிம்ப்சன் கம்பெனியின் தலைவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன் 1905-ஆம் ஆண்டில் பிறந்தது இங்கேதான். தம் குமாரர் ஒருவருக்கு அருகிலுள்ள சிவசைலத்தின் பெயரையே இட்ட குடும்பம் அது. பரமகல்யாணி அம்மையின் திருநாமத்தைத் தாங்கி இவ்வூரில் நடைபெறும் கல்லூரியும் அக்குடும்பத்தின் தொடர்பை இன்றும் நினைவூட்டுவது.

அவர் சென்று சேர்ந்த சிம்ப்சன் கம்பெனியோ, 1840-இல் குதிரை வண்டிகளும் சேணங்களும் செய்து விற்பதற்காகச் சென்னையில் தோன்றி, வண்டியை இழுக்கும் சக்தி மாறுந்தோறும் தன்னையும் மாற்றிக்கொண்டு வந்த ஸ்தாபனம். 1903-ஆம் ஆண்டில் அக்கம்பெனியில் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றை அங்கேயே கட்டி முடித்துச் சென்னை வீதிகளில் ஓட்டிக் காட்டினார். நீராவி வண்டி என்றால் அதில் பாதி கொதிகலன், மீதியில் பாதி தண்ணீர்த் தொட்டி. பிரயாணிக்கு மிஞ்சியது சொற்பமே. கணக்கியல் பயின்று அக்கம்பெனிக்குள் நுழைந்து, 1938-இல் அமால்கமேஷன்ஸ் என்ற பெயரில் பல தொழில்களை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த அனந்தராமகிருஷ்ணன், 1964-இல் காலமாவதற்குள் சென்னைப் பெரம்பூரை அடுத்த செம்பியத்தில் டீசல் எஞ்சின்களை ஆயிரக்கணக்கில் வெளியேற்றும் தொழிற்சாலையை நிலைநாட்டிவிட்டார்.

இவ்வரலாற்றை எழுதியோர் எல்லாரும் எஞ்சினையே பேசியிருக்கின்றனர்; அது இயல்பே. ஆனால் அந்த எஞ்சின்கள் வந்து சேர்ந்த இடம் யாது? பெரும்பாலானவை புதிய லாரிகளில் ஏறின. எனினும் கணிசமானவை, அதற்கு முன்பே பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்த பழைய பஸ்களிலும் லாரிகளிலும், பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்த வெற்றிடத்தில் ஏற்றப்பட்டன. அவ்வாறு ஏற்றியபொழுது, எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெயைத் தாங்கி நிற்கும் டேங்க் என்னும் எளிய தகரப் பெட்டியைப் பற்றிச் சிந்தித்தவர்கள் மிகச் சிலர். சமையற்காரரை மாற்றிவிட்டுக் கிணற்றைப் பாராமல் விட்ட வீட்டுக்காரனின் கதை அது. எஞ்சின் மாற்று வெற்றி பெற்றதா, வழியிலேயே நின்று கெட்ட பெயர் வாங்கியதா என்பதைப் பல சமயங்களில் தீர்மானித்தது அந்தத் தகரப் பெட்டிதான் என்பது என் அபிப்பிராயம். அதன் சரித்திரத்தையே இங்கே சொல்லப் புகுகின்றேன்.

ஆதியில் டேங்குக்கு ஒரே ஒரு விதிதான்: எஞ்சினுக்கு மேலே இரு. ஃபோர்டின் மாடல் டி வண்டியில் ஓட்டுநரின் ஆசனத்துக்கு அடியிலே டேங்க் இருந்தது. பெட்ரோலை ஏற்றிவிட ஒரு பம்பும் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோலவே பெட்ரோல் கார்புரேட்டரை நோக்கித் தானே இறங்கி வரவேண்டும். சமதளத்தில் இந்த ஏற்பாட்டுக்குக் குறை ஒன்றுமில்லை. மலைப்பாதையில், டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும் வேளையில், வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டவுடன் கார்புரேட்டர் டேங்கைவிட உயரத்துக்குப் போய்விடும். எஞ்சின் இருமி நின்றுவிடும். அதனால் செங்குத்தான ஏற்றங்களில் வண்டியைத் திருப்பி, பின்புறமாகவே ஏற்றிச் செல்லும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. 1928-இல் வந்த மாடல் ஏ வண்டியில் டேங்கை ஓட்டுநரின் முன்னே, முகப்புப் பலகைக்கு அப்பால் உயர்த்தி வைத்து அந்தத் தொல்லையைத் தீர்த்தார்கள். ஆனால் பத்துக் காலன் பெட்ரோல் முழங்காலுக்கு நேரே தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற நினைவு, ஓட்டுவோர்க்கு எத்தகைய மனச்சாந்தியை அளித்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். எஞ்சினே இயக்கும் சிறு பம்பு பரவிய பின்பு, 1930களில், கார்களின் டேங்க் வண்டியின் பின்புறத்துக்குக் குடிபெயர்ந்தது. லாரிகளில் ஆசனத்தின் கீழேயோ சட்டத்தின் பக்கவாட்டிலோ தங்கியது.

இக்காலத்தில்தான் திருநெல்வேலிச் சீமையில் பஸ் பிரயாணம் ஒரு நித்திய வழக்கமாயிற்று. 1903-இல் செங்கோட்டை வரை வந்துவிட்ட ரெயில், பள்ளத்தாக்கின் ஊர்களைத் திருநெல்வேலியோடு இணைத்திருந்தது உண்மையே; எனினும் ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் இடையிலுள்ள வழியையும், ரெயில் எட்டாத பாபநாசம் போன்ற இடங்களையும் மோட்டாரே சேர்த்து வைத்தது. ஒன்றைக் கவனிக்கவேண்டும். இதே மாவட்டத்தின் தெற்கே திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார், 1912-ஆம் ஆண்டளவில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கி, பின்னர் மதுரையைத் தலைமை இடமாகக் கொண்டு தென்னாட்டின் மோட்டார்ப் போக்குவரத்துக்கே ஓர் ஒழுங்கைக் கற்பித்தார். இவர் வண்டியை ஓட்டியும், அனந்தராமகிருஷ்ணன் எஞ்சினைச் செய்தும் பெயர் பெற, இருவருக்கும் பிறப்பிடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இதே அடிவாரம் என்பதற்கு நான் தனியாக ஒரு காரணம் கற்பிக்கப் போவதில்லை. ஊர்ப்பெருமை பேசுவோர் அதை நன்றாகவே பேசி வருகின்றனர்.

பெட்ரோல் டேங்கின் அதிகாரத்தை முதன்முதலில் குலைத்தது இரண்டாம் உலக யுத்தம். 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் வசமாகிப் பர்மா எண்ணெயின் வரவு அற்றுப்போக, ஏற்கெனவே ரேஷனுக்கு உட்பட்டிருந்த பெட்ரோல் பஸ்காரர்களுக்கு மருந்தளவே கிடைத்தது. அப்பொழுது வந்ததுதான் கரிவாயு. எஞ்சினை மாற்றவில்லை, டேங்கை மட்டும் மாற்றினார்கள். பஸ்ஸின் பின்புறத்திலோ பக்கத்திலோ ஆள் உயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் மரக்கரியை நிரப்பி, அடியில் நெருப்பிட்டு, காற்றைப் போதாக்குறையாக விட்டு எரிக்கும்பொழுது எழுகின்ற கார்பன் மோனாக்ஸைடு கலந்த வாயுவைக் குளிரச் செய்து, தூசியை வடிகட்டி, குழாய் வழியே எஞ்சினுக்குச் செலுத்துவதே அதன் முறை. சுந்தரம் அய்யங்காரின் மதுரை டி.வி.எஸ். நிறுவனமும் தன் பெயரிலேயே இத்தகைய கரிவாயுக் கலத்தைத் தயாரித்து வழங்கியது. ஒரு காலன் பெட்ரோல் செய்யும் வேலையைச் செய்ய ஏறக்குறைய பன்னிரண்டு பதின்மூன்று பவுண்டு கரி வேண்டும்; அப்படிச் செய்தபோதிலும் எஞ்சினின் பலத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

அக்காலத்துக் கிளீனரின் வாழ்வு எளிதாய் இருந்திருக்க முடியாது. விடியுமுன் எழுந்து, சாம்பலை அகற்றி, கரியைச் சம அளவாக உடைத்து நிரப்பி, தீ மூட்டி, துருத்திச் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே நிற்கவேண்டும்; வாயு எரியத்தக்கதாய் வந்ததா என்று பார்த்த பின்பே எஞ்சினைக் கிளப்பலாம். அதிலும் குளிர்ந்த எஞ்சின் கரிவாயுவில் எளிதாய்க் கிளம்பாது. ஆதலின் முதலில் சிறிது பெட்ரோலில் ஓட்டிச் சூடேற்றிப் பிறகு வாயுவுக்கு மாற்றுவதற்காக, பழைய டேங்கையோ அதைவிடச் சிறியது ஒன்றையோ வைத்துக்கொள்வது வழக்கம். ஏற்றம் வந்தால் பிரயாணிகள் இறங்கி நடப்பதும் தள்ளுவதும் டிக்கெட்டில் எழுதப்படாத நிபந்தனை. ஒரே வண்டிக்கு இரண்டு எரிபொருள், இரண்டு கலம், இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து மூடும் ஒரு குமிழ் என்னும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் கற்றுக்கொண்டது அந்தக் கரிப்புகையில்தான். பிற்காலத்தில் காஸ் சிலிண்டரைக் காரின் டிக்கியில் வைத்து, பெட்ரோலுக்கும் காஸுக்கும் மாறி மாறி ஓட்டியவர்களுக்கு அந்தக் கிளீனர்களே முன்னோர்.

யுத்தம் முடிந்தது, பெட்ரோல் மீண்டது, கரிக்கலங்கள் பழைய இரும்பாகின. ஆனால் பஸ் முதலாளிகளின் மனத்தில் ஒரு கேள்வி பிறந்துவிட்டது: பெட்ரோலுக்கே வாழ்நாள் முழுவதும் கட்டுப்பட்டிருக்க வேண்டுமா? அக்கேள்விக்கு விடை இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் இருந்தது. அங்கே 1932-இல் ஃபிராங்க் பெர்க்கின்ஸ், சார்லஸ் சாப்மன் என்ற பொறியியல் வல்லுநரைத் துணைக்கொண்டு தொடங்கிய கம்பெனி, தனக்கென்று லாரி ஒன்றும் செய்ததில்லை. மற்றவர் செய்த வண்டிகளில், பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்திலே பொருந்தும்படியான வேகமான சிறு டீசல் எஞ்சின்களைச் செய்வதே அதன் விரதம். 1937-இல் அது வெளியிட்ட பி6 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின், 4.7 லிட்டர் கொள்ளளவும் 83 குதிரைச் சக்தியும் உடையது. பெட்ஃபோர்டு, டாட்ஜ், ஃபோர்டு போன்ற லாரிகளில் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக அது ஏறியது. ஆக, எஞ்சின் மாற்று என்பது ஏதோ ஒரு மூலைப் பட்டறையின் குறும்பு அன்று. ஒரு பெரிய தொழிற்சாலையே அதற்காகப் பிறந்து வளர்ந்தது. அந்த பி6 எஞ்சினைத்தான் 1950களின் முற்பகுதியில் சிம்ப்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் உடன்பாட்டின்பேரில் சென்னையில் தயாரிக்கத் தலைப்பட்டது.

டீசல் விலையில் மலிவு, அதே அளவு எண்ணெயில் பெட்ரோல் வண்டியைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு தூரம் செல்லும், எளிதில் தீப்பற்றாது. கணக்குப் பார்க்கத் தெரிந்த முதலாளி இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. எஞ்சின் வந்து இறங்கும். பாதத்துண்டுகளை மாற்றி, கனம் கூடியதற்கேற்ப முன் வில்லுக்கு ஓர் இலை சேர்த்து, கியர்ப்பெட்டியோடு இணைத்துவிட்டு, நல்ல நாள் பார்த்துத் தேங்காய் உடைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். முதல் வாரம் புகழ்ச்சி. அடுத்த வாரம் வண்டி நடுவழியில் நிற்கும். மெக்கானிக் எஞ்சினைப் பிரிப்பான். எஞ்சினில் குற்றம் இராது. குற்றம் பெரும்பாலும் பின்னால், சேறு படிந்த அந்தப் பழைய டேங்கில் ஒளிந்திருக்கும்.

இதற்குக் காரணம் கூற வேண்டுமானால், பெட்ரோல் எஞ்சின் எண்ணெயை உண்ணும் விதமும் டீசல் எஞ்சின் உண்ணும் விதமும் எவ்வளவு வேறானவை என்பதைச் சொல்லியாக வேண்டும். கார்புரேட்டர் தாராள மனமுடையது. சிறிது துருவோ நீர்த்துளியோ வந்தாலும் இருமிவிட்டு ஓடும். டீசல் எஞ்சினின் இஞ்செக்ஷன் பம்போ, மயிரிழையினும் மெல்லிய இடைவெளியில் வழுக்கி ஓடும் உலக்கைகளால், எண்ணெயை நூறு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலாக அழுத்தி, ஊசிமுனைத் துளை வழியே பீச்சுவது. அந்த உலக்கைகளுக்கு வழுக்கெண்ணெயும் டீசலே. அதில் நீர் கலந்தால் துரு. மணல் கலந்தால் கீறல். காற்றுக் கலந்தால் எஞ்சினே நிற்றல். பல்லாண்டு பெட்ரோல் தங்கியிருந்த டேங்கின் உட்சுவரிலோ, பெட்ரோல் உலர்ந்துலர்ந்து அரக்குப்போலப் படிந்த பிசினும், அதற்கடியில் துருவும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் அவற்றை அப்படியே விட்டுவைத்தது. டீசல் வந்தவுடன் அவற்றை மெல்ல மெல்லக் கழற்றித் தன்னோடு அழைத்துக்கொண்டு கிளம்பியது.

அடுத்த சங்கடம் துத்தநாகம். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு துத்தநாகப் பூச்சுத் தகட்டில் புதிய டேங்க் செய்து மாட்டினால், டீசலில் உள்ள அமிலப் பொருள்கள் துத்தநாகத்தோடு கூடிச் சோப்புப் போன்ற ஒரு கசடாகி, வடிகட்டியை அடைத்துவிடும். தாமிரக் குழாயும் அதற்கு நல்ல தோழனன்று. எண்ணெய் சீக்கிரம் கெடுவதற்கு அது துணை செய்யும். ஆகவே பூச்சில்லாத உருக்குத் தகடே டீசலுக்கு உகந்தது என்பது, கேட்பதற்கு விசித்திரமாய் இருப்பினும் உண்மை. துரு என்ற எதிரியை அஞ்சி வேறோர் எதிரிக்கு வீட்டைத் திறந்துவிட்டவர்கள் அக்காலத்தில் பலர். எண்ணெயைத் துத்தநாகப் பீப்பாயிலே சேமித்து வைத்தவர்களும் அவர்களுள் அடக்கம்.

மூன்றாவதும், என் எண்ணத்தில் மிகப் பெரியதுமான விஷயம், திரும்பி வரும் எண்ணெய். கார்புரேட்டருக்குப் போன பெட்ரோல் திரும்பி வருவதில்லை. ஆதலின் பெட்ரோல் டேங்குக்கு ஒரு வாசல் போதும். டீசல் இஞ்செக்டர்களிலிருந்து கசிந்து மிஞ்சும் எண்ணெய் மட்டும் எப்பொழுதும் வீடு திரும்ப விரும்பும். அதற்கு டேங்கில் இரண்டாவது வாசல் வேண்டும். பழைய டேங்கில் புதிய துளை போட்டுக் குழாய் வைத்துப் பற்றவைப்பதற்குச் சோம்பி, திரும்பும் குழாயை, எண்ணெய் உறிஞ்சும் குழாயோடேயே ஒரு டி-இணைப்பால் சேர்த்துவிடும் குறுக்குவழி சிலருக்குத் தோன்றியது. சூடான எண்ணெயும் அதனோடு வந்த காற்றுக் குமிழிகளும் மறுபடி மறுபடி எஞ்சினுக்கே சுற்றிச் செல்ல, வண்டி கிளம்பும், ஓடும், ஏற்றத்தில் நிற்கும். இத்தகைய வண்டிகளைப் பிசாசு பிடித்தவை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பிசாசுக்குக் கால் அங்குலக் குழாயே இருப்பிடம்.

இவ்வாறு அடிபட்டு அடிபட்டு ஒரு சம்பிரதாயம் உருவாயிற்று. எண்ணெயை உறிஞ்சும் குழாய் டேங்கின் அடியைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலே நிற்கவேண்டும். அந்த ஓர் அங்குலம் நீருக்கும் கசடுக்கும் விடப்பட்ட மானியம். அடியிலே திருகாணி ஒன்று இருக்கவேண்டும். காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் அதைத் தளர்த்தி அடிநீரை ஒரு கோப்பையில் வடித்துவிடவேண்டும். டேங்கைப் பாதி காலியாய் இராத்தங்க விடலாகாது. குற்றாலச் சாரல் அடிக்கும் ஆனி ஆடி மாதங்களில் மலையடிவாரத்து ஈரக்காற்று அந்தப் பாதி வெற்றிடத்தில் புகுந்து, இரவுக் குளிரில் வியர்த்து, நீராய்ச் சொட்டும். ஆதலின் கடைசி நடை முடிந்தவுடனே நிரப்பிவிட்டுத்தான் ஷெட்டில் நிறுத்தவேண்டும். முற்றிலும் தீரவிடுவதோ மகாபாதகம். பெட்ரோல் தீர்ந்தால் ஊற்றிக் கிளப்பலாம். டீசல் தீர்ந்தால் குழாயெல்லாம் காற்றுப் பிடித்துக்கொள்ளும். வடிகட்டியின் திருகாணியைத் தளர்த்தி, பம்பின் சிறு நெம்பைக் கையால் அடித்து அடித்து, நுரை நின்று தெளிந்த எண்ணெய் வரும் வரையில் காற்றை வெளியேற்றவேண்டும். நள்ளிரவில், மழையில், நாற்பது பிரயாணிகளின் விமரிசனத்துக்கு இடையே அதைச் செய்து பார்த்த ஓட்டுநர் மறுமுறை டேங்கைத் தீரவிடமாட்டார்.

டேங்கைச் செய்தவர்கள் யார் என்று கேட்டால், அவர்கள் பெயர் எந்தக் கம்பெனியின் ஏட்டிலும் இல்லை. டிங்கர் என்று அழைக்கப்பட்ட தகர வேலைக்காரர்கள் அவர்கள். பெட்ரோல் டேங்கைப் பற்றவைப்பது உயிரோடு விளையாடும் தொழில். நிறைந்த டேங்கைக் காட்டிலும் வெறும் டேங்கே பயங்கரமானது, ஏனெனில் அதில் காற்றும் பெட்ரோல் ஆவியும் வெடிப்பதற்கு உகந்த விகிதத்தில் கலந்திருக்கும். ஆகையால் வெந்நீரால் பலமுறை கழுவி, நீராவி செலுத்தி, பற்றவைக்கும் இடத்துக்குச் சற்றே கீழ் வரை தண்ணீரை நிரப்பி, ஆவி தங்கும் வெற்றிடத்தை இல்லாமற் செய்த பிறகே வேலையைத் தொடங்குவார்கள். வேறு வண்டியின் புகைபோக்கிக் குழாயை டேங்கின் வாயில் செருகி, உயிர்வாயு இல்லாத புகையால் அதை நிரப்பிவிட்டுப் பற்றவைத்தவர்களும் உண்டு. ரசாயன நூல் படியாமலே அவர்கள் அறிந்திருந்த இந்த ரசாயனம், அறியாத சிலரின் கண்ணையும் கையையும் பலி வாங்கிய பின்பே பட்டறைகளில் பொதுச் சொத்தாயிற்று.

டேங்கினுள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகளை நிறுத்துவதும் அவர்கள் கைவேலையே. அத்தகடுகள் இல்லாத பெரிய டேங்கில், பிரேக் பிடித்தவுடன் எண்ணெய் முழுவதும் முன்பக்கம் பாய்ந்து மோதும். திருப்பத்தில் ஒருபுறம் ஒதுங்கி உறிஞ்சுகுழாயை அந்தரத்தில் விட்டுவிடும். நூறு லிட்டர் டீசல் சுமார் 83 கிலோ எடையுள்ளது என்பதையும், அந்த எடை ஓரிடத்தில் நில்லாமல் அலைவது என்பதையும் நினைத்துப் பார்த்தால், பழைய டேங்க் இருந்த கொக்கிகளிலேயே அதைவிட இரு மடங்கு பெரிய டேங்கை மாட்டியவர்களின் துணிச்சல் விளங்கும். ஒன்று சொல்ல மறந்தேன்: காற்றுத் துளை. எண்ணெய் குறையக் குறைய அந்த அளவுக்குக் காற்று உள்ளே வந்தாகவேண்டும். மூடியிலுள்ள அந்தச் சிறு துளையைச் சேறு அடைத்துவிட்டால், பம்பு உறிஞ்ச உறிஞ்சத் தகரம் உள்வாங்கி நசுங்கும். மூடியைத் திறந்தால் பெருமூச்சு ஒன்று கேட்கும். வண்டி மறுபடி ஓடும். பல வண்டிகளின் தீராத நோய்க்கு மூடியைத் தளர்த்தி வைத்தலே மருந்தாக இருந்தது.

பஸ்ஸுக்கும் லாரிக்கும் நேர்ந்த இந்த மாற்றம் கார்களுக்கு வந்தது பிந்தி. 1973-க்குப் பின் உலகெங்கும் பெட்ரோல் விலை ஏறியபொழுது, வாடகைக் கார்க்காரர்கள் அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை ஏற்றும் வித்தையில் இறங்கினார்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே 1980 வாக்கில் 1489 சி.சி. டீசல் எஞ்சின் பொருத்திய அம்பாசடரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் 37 குதிரைச் சக்தியை எண்ணி நகைத்தவர்களும், அது ஓடிச் சம்பாதித்துக் கொடுத்த பணத்தை எண்ணி வாயடைத்துப் போனார்கள். டெம்போ மேட்டடார் வண்டியின் எஞ்சினை அம்பாசடரிலும் ஜீப்பிலும் ஏற்றுவது அதன் பின் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. பெரிய வண்டிகளில் கற்ற பாடங்கள் இங்கே கைகொடுத்தன. திரும்பும் குழாயும் வடிகட்டியும் மறக்கப்படவில்லை. புதிதாய் வந்த துன்பம் ஒன்றே: பழக்கதோஷத்தால் பங்கில் உள்ள பையன் பெட்ரோலை ஊற்றிவிடுவான். அதற்காகவே மூடியின் மேல் சிவப்பு வர்ணத்தில் 'டீசல்' என்று எழுதி வைத்தார்கள். அவ்வெழுத்து நாளடைவில் கம்பெனியிலிருந்தே டீசலாய் வந்த வண்டிகளுக்கும் ஓர் அலங்காரமாகத் தொற்றிக்கொண்டது.

இன்று பழைய கார்களைச் செப்பனிட்டு வைத்துக்கொள்ளும் ரசிகர்கள், ஐம்பது அறுபது ஆண்டுக்கு முந்திய உடலில் புதிய பெட்ரோல் இஞ்செக்ஷன் எஞ்சினை ஏற்ற ஆசைப்படுகின்றனர். அவர்களுக்கு எதிர்ப்படும் கேள்விகள், உற்று நோக்கினால், பி6 எஞ்சினை ஏற்றிய பஸ்காரருக்கு எதிர்ப்பட்டவையே. கார்புரேட்டருக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அழுத்தம் போதும். இஞ்செக்ஷனுக்கு மூன்று கிலோ வேண்டும். அந்த அழுத்தத்தைத் தரும் மின்சார பம்பு டேங்கினுள்ளேயே பெட்ரோலில் மூழ்கி, அதனாலேயே குளிர்ச்சி பெற்று வேலை செய்வது. தடுப்பில்லாத பழைய டேங்கில் பெட்ரோல் ஒதுங்கினால் பம்பு காற்றை விழுங்கிச் சூடேறிச் சாகும். புதிய எஞ்சின் வந்த வண்டியின் பிளாஸ்டிக் டேங்கையே வாங்கி மாட்டலாமே என்றால், அது தன் வண்டியின் அடிவயிற்றுக்கு ஏற்ப வார்க்கப்பட்டது; வேறு வண்டியில் பொருந்தாது. பழைய டேங்கின் அடியில் சிறு கிண்ணம் ஒன்றை இணைத்துத் தடுப்பு வைப்பது ஒரு வழி. பழைய டேங்கைத் தொடாமல், இரண்டு லிட்டர் கொள்ளும் துணைக்கலம் ஒன்றை எஞ்சின் அறையில் வைத்து, அதிலிருந்து பெரிய பம்பை ஊட்டுவது இன்னொரு வழி. அளவெடுத்துத் துருவேறா எஃகில் புதிய டேங்க் செய்துகொள்வது மூன்றாவது. அளவுகாட்டி முள்ளையும் கவனிக்கவேண்டும். மிதவையின் மின்தடையும் முகப்பிலுள்ள மானியும் ஒரே குலத்தவையாய் இராவிடில், காலி டேங்கை நிறைகுடமாய்க் காட்டும்.

எத்தனால் என்பது இத்தலைமுறையின் துத்தநாகம். 2023 முதல் இந்நாட்டில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவத் தொடங்கிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மிஞ்சினால் நீரோடு கூடிப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர்க் குழாய்களை ஊதச் செய்யும். பழைய டேங்குகளின் உட்பூச்சான ஈயக்கலவையை அரிக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்பதே பழைய கார்களின் தொழிலாகையால், அவற்றுக்கு இது மும்மடங்கு தொல்லை. இதை எண்ணியே மூன்று வழிகளுள் நான் துருவேறா எஃகை விரும்புகிறேன்; செலவு மிகுதிதான்.

இவற்றோடு சட்டமும் குறுக்கிடுகிறது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் காலத்திலேயே வண்டியின் அமைப்பை மாற்றுவோர் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டியிருந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதை மேலும் இறுக்கியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறான மாற்றங்களை அனுமதிக்க இயலாது என்று தீர்த்துவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்று எழுதியிருக்க வண்டி டீசலில் ஓடுவதை, முன்போல் கண்டும் காணாமல் விடுவார் இல்லை. அன்றியும் 2021-இல் வந்த விதிகள், ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குப் பழம்பொருள் என்ற தனிப்பதிவை அளிக்கையில், உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாறுதல் செய்யாதவற்றுக்கே அந்தப் பெருமை என்று நிபந்தனை விதித்தன. ஆதலின் எஞ்சினை மாற்ற எண்ணுவோர், பழைய டேங்கை வெட்டியும் துளைத்தும் பாழாக்குவதைக் காட்டிலும், அதைக் கழற்றிக் கழுவி உலர்த்தி, உட்புறம் எண்ணெய் தடவி, வாயை மூடிப் பழைய எஞ்சினோடு பரணில் வைத்துவிட்டு, புதிய எஞ்சினுக்கெனத் தனியே ஒரு டேங்கைப் பழைய கொக்கிகளிலேயே பொருந்தும்படி செய்துகொள்வது நல்லது. பேரன் ஒருவன் வண்டியைப் பழையபடி பதிவு செய்ய விரும்பினால், அவன் தேடி அலையாமல் கிடைக்கக்கூடிய உறுப்பு அது ஒன்றாவது இருக்கும்.